ஒன்பது வயது மகள் மும்பையில் அறக்கட்டளை தொடங்க முடியுமா?

தாராவிப் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கித்தர உண்டியலில் காசு சேர்க்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல பிள்ளை. ஆனால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்ய இயலாது. எனவே பத்திரத்தில் பெரியவர்கள்தான் கையெழுத்திட வேண்டும். பெயரும் நோக்கமும் அவளுடையதாக இருக்கலாம். மும்பையில் சாரிட்டி கமிஷனர் அலுவலகத்தில் பதிய வேண்டும். நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை கிடைக்க வருமான வரித்துறையிடம் தனி விண்ணப்பம் (80ஜி என்பார்கள்). 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

இவ்வளவு அவசரம் எதற்கு? கனடாவில் ரையன் என்ற ஆறு வயதுச் சிறுவன் 1998இல் கிணறு வெட்டித்தர வீட்டுவேலை செய்து 70 டாலர் சேர்த்தான். அவன் முயற்சியால் உகாண்டாப் பள்ளியொன்றில் கிணறு 1999இல் வந்தது, அவன் பெயரில் அறக்கட்டளை 2001இல்தான். இப்போதைக்கு வரவு செலவை உங்கள் மகளே ஒரு நோட்டில் எழுதட்டும். மாட்டுங்கா மாமிகள் கணக்குக் கேட்டால் காட்டலாம், நிச்சயம் கேட்பார்கள்.