மைய அணுவின் மேல் அந்த இரண்டு புள்ளிகள்

கேள்வி: மூலக்கூறுகளின் பிணைப்புக் கோணம் கேட்டார்கள். கார்பன் டைஆக்சைடுக்கு 180 டிகிரி எழுதினேன், சரி என்றார்கள். அதைப் போலவே இரண்டு ஆக்சிஜன் உள்ள கந்தக டைஆக்சைடுக்கும் 180 எழுதினேன், தவறாம். லூயிஸ் படம் (வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைப் புள்ளிகளாகக் காட்டும் படம்) வரைந்துதான் எழுதினேன். எங்கே பிழை?

பதில்: படத்தில் கந்தகத்தின் மேல் இரண்டு புள்ளிகள் விட்டுப்போயிருக்கும். எண்ணிப் பாருங்கள். கார்பன் டைஆக்சைடில் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் 16. கார்பனில் எதுவும் மிஞ்சாது. கந்தக டைஆக்சைடில் 18. கூடுதலான அந்த இணை கந்தகத்தின் மேல்தான் உட்காரும். பிணைப்பில் சேராத இதைத் 'தனி இணை' என்பார்கள். சேராவிட்டாலும் அதற்கும் இடம் வேண்டுமே. ஆகவே கந்தகத்தைச் சுற்றி மூன்று திசைகள். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் மூன்றும் கூடியவரை விலகி நிற்கும்; 120 டிகிரியில் தொடங்குங்கள். அளந்த மதிப்பு சுமார் 119. இரட்டைப் பிணைப்பானாலும் ஒரு திசைதான். ஆக்சிஜன் மேலுள்ள புள்ளிகளைச் சேர்க்காதீர்கள்.

உங்கள் கேள்வி இதோடு முடிந்தது. ஆனால் அடுத்து நீங்கள் விழக்கூடிய குழியையும் சொல்லிவிடுகிறேன். 'தனி இணை ஒன்றுக்கு 2.5 டிகிரி கழி' என்று ஒரு குறுக்குவழி, காசுக்கு விற்கும் தேர்வுக் குறிப்புகளில் எல்லாம் இருக்கிறது. மூன்றிலும் நான்கு திசைகள்: தனி இணை இல்லாத மீத்தேன் 109.5, ஒன்று உள்ள அம்மோனியா 107, இரண்டு உள்ள தண்ணீர் 104.5. அழகாகப் பொருந்துகிறது, நம்பிவிடுகிறோம். தயவுசெய்து நம்பாதீர்கள். அது விதியே அல்ல. மூன்று எண்கள் தற்செயலாக வரிசையாக நிற்கின்றன, அவ்வளவுதான்.

ஹைட்ரஜன் சல்பைடை வரையுங்கள். தண்ணீரின் படமேதான்: இரண்டு பிணைப்பு, இரண்டு தனி இணை. குறுக்குவழிப்படி 104.5 வர வேண்டும். அளந்தால் 92! கந்தகம் பெரிய அணு. பிணைப்பு எலக்ட்ரான்கள் அதன் கருவை விட்டுத் தள்ளி இருப்பதால் ஒன்றையொன்று அவ்வளவாக நெருக்குவதில்லை. தனி இணைகள் தள்ளத் தள்ள, பிணைப்புகள் 90 டிகிரியை ஒட்டி ஒடுங்கிவிடுகின்றன. அம்மோனியாவின் படத்தையே கொண்ட பாஸ்பீனும் அப்படித்தான், சுமார் 93.5. இரண்டு படங்களும் சொல்வது '109.5-ஐவிடக் குறைவு' என்பது மட்டுமே. எவ்வளவு குறைவு என்பதை ஆய்வகத்தில் அளந்துதான் சொல்ல முடியும்.

படம் தர முடியாத தசம எண்ணை மாணவரிடம் கேட்டு, தராவிட்டால் மதிப்பெண்ணை வெட்டும் தேர்வுமுறைதான் இந்தக் குறுக்குவழிக்காரர்களை வளர்க்கிறது. எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. நீங்கள் 107-ஐயும் 104.5-ஐயும் அளந்த மதிப்புகளாகவே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பழக்கமில்லாத மூலக்கூறு வந்தால் திசைகளை எண்ணி, '120-க்குச் சற்றுக் குறைவு', '109.5-க்குக் குறைவு' என்று காரணத்தோடு எழுதுங்கள்.