பையர்ஸ்ப்ரோன்: திங்கள், செவ்வாயில் தங்கினால்

ஜெர்மனியின் கருங்காட்டில் (Black Forest) உள்ள பையர்ஸ்ப்ரோன் ஊரில் திங்கள், செவ்வாய் தங்கி, மிஷ்லின் உணவக வழிகாட்டியின் மூன்று நட்சத்திரம் பெற்ற உணவகத்தில் சைவமாகச் சாப்பிட வேண்டும் என்கிறீர்கள். அங்கேதான் இடிக்கிறது. அங்குள்ள மூன்று நட்சத்திர உணவகங்களான ஷ்வார்ட்ஸ்வால்ட்ஷ்டூப, பாரைஸ் இரண்டுக்கும் வழக்கமாக அந்த இரு நாளும் விடுமுறை. அறையை வியாழன், வெள்ளிக்கு மாற்றுங்கள். ஆனால் முதலில் மேசை, பிறகுதான் அறை.

முன்பதிவில் "சைவம்" என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். காய்கறி சாஸிலும் மாட்டெலும்புச் சாறு இருக்கலாம். இனிப்பில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், பாலாடைக்கட்டியில் கன்றுக்குட்டியின் ரென்னட் (வயிற்றிலிருந்து எடுத்து, பாலைத் திரிக்கப் பயன்படுவது) இருக்கலாம். மூன்றையும் பெயர் சொல்லி விலக்குங்கள். முட்டை சாப்பிடுவீர்களா என்பதையும் எழுதுங்கள். அன்று மேசையில் உட்கார்ந்து சொன்னால் சமையலறையால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, சாறுகள் முன்பே காய்ச்சியிருக்கும்.

கார்ல்ஸ்ரூவே நகரிலிருந்து முர்க் பள்ளத்தாக்கு ரயில் நேராக பையர்ஸ்ப்ரோன் வரும். விடுதி விருந்தினர்களுக்குத் தரும் கோனுஸ் (KONUS) அட்டையில் உள்ளூர் ரயில், பேருந்து இலவசம்தான். ஆனால் விடுதியில் பதிந்த பிறகே கிடைக்கும், வரும் பயணத்துக்குச் சீட்டு வாங்கிவிடுங்கள்.