‘சாண்டினிஸ்டா!’: தி கிளாஷ் குழுவின் மூன்று இசைத்தட்டுகள் குறித்த கேள்வி பதில்

கேள்வி: பங்க் எனும் ஆவேசமான ராக் இசையைப் பாடிய லண்டன் குழு ஒன்று தன் தொகுப்புக்கு மத்திய அமெரிக்க நாடான நிகரகுவாவின் இயக்கத்தின் பெயரைச் சூட்டியது ஏன்?

பதில்: 1934இல் கொல்லப்பட்ட கெரில்லாத் தலைவர் சாண்டினோவின் பெயரைத் தாங்கிய சாண்டினிஸ்டா இயக்கம், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நாட்டைத் தன் பிடியில் வைத்திருந்த சொமோசா குடும்பத்தின் ஆட்சியை 1979 ஜூலையில் வீழ்த்தியது. 1980 டிசம்பரில் வெளியான தொகுப்புக்கு அப்பெயரையே வைத்ததால், அரசியலில் நாட்டமில்லாத ரசிகரும் கடையில் அச்சொல்லைச் சொல்லித்தான் தட்டைக் கேட்க வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் பதிப்பின் வரிசை எண்கூட அவ்வியக்கத்தின் சுருக்கப் பெயரோடு 1 என்ற எண்ணைச் சேர்த்த ‘எஃப்.எஸ்.எல்.என். 1’ என்பதுதான்.

கேள்வி: மூன்று தட்டுகள், 36 பாடல்கள் என்பது வியாபாரத் தந்திரம் இல்லையா, ஐயா?

பதில்: வியாபாரக் கணக்குப்படி பார்த்தால் அது நட்டத்துக்கான வழி. மூன்று தட்டுகளையும் 5.99 பவுண்டுக்கே விற்க வேண்டும் என்று குழுவினர் பிடிவாதம் பிடித்தார்கள். அதற்கு ஈடாக, பிரிட்டனில் விற்கும் முதல் இரண்டு லட்சம் பிரதிகளுக்கான உரிமத்தொகையை விட்டுக்கொடுத்தார்கள். முதலாளித்துவத்தைச் சாடும் பாடல்களை அதிக விலைக்கு விற்றுச் சம்பாதித்தவர்கள் பலர் உண்டு என்பதால், இத்தொகுப்பின் ஆகச் சிறந்த அரசியல் அதன் விலைச்சீட்டில் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: இத்தொகுப்பிலுள்ள ‘வாஷிங்டன் புல்லட்ஸ்’ வெறும் அமெரிக்க எதிர்ப்புப் பாடல்தானா?

பதில்: அல்ல. சிலியின் பாடகர் விக்டர் ஹாரா கொல்லப்பட்டதையும் கியூபாமீது அமெரிக்க ஆதரவோடு நடந்த பிக்ஸ் விரிகுடாப் படையெடுப்பையும் சொல்லும் குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர், ஆப்கானிஸ்தானில் மாஸ்கோவின் தோட்டாக்களையும் திபெத்தில் சீனாவின் கையையும் கூலிப்படையினரின் கையிலுள்ள பிரிட்டிஷ் தோட்டாக்களையும் அடுத்தடுத்துக் கூண்டில் நிறுத்துகிறார். அன்றைய இடதுசாரிகள் பலர் வசதியாக மறந்த பக்கம் அது. இவ்வளவு கொலைகளையும் மரிம்பா எனும் மரக்கட்டை இசைக்கருவியின் துள்ளலான தாளத்தில் பாடுவதுதான் கேட்பவரை நெளிய வைக்கிறது. நிகரகுவாவில் அமெரிக்கா தலையிடவில்லை என்று பாடல் வியக்கிறது. ஆனால், 1981 ஜனவரியில் பதவியேற்ற அமெரிக்க அதிபர் ரீகனின் அரசு அந்த ஆண்டு முடிவதற்குள் சாண்டினிஸ்டா எதிர்ப்புப் படைகளுக்கு உதவத் தொடங்கிவிட்டது.

கேள்வி: ஜமைக்காவின் ரெகே, ரெகே பாடல்களின் குரலைக் குறைத்து ஒலியை மாற்றியமைக்கும் டப், ராப் எல்லாம் கலந்திருக்கும்போது இதை பங்க் என்று சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். நியூயார்க்கிலும் கிங்ஸ்டனிலும் லண்டனிலும் பதிவான இத்தொகுப்பில் ஜமைக்காவின் ரெகே இசைக்கலைஞர் மைக்கி டிரெட் முக்கியப் பங்காற்றினார். ‘தி மேக்னிஃபிசன்ட் செவன்’ பாடலில் ஒரு தொழிலாளியின் அன்றாட உழைப்பை ஸ்ட்ரம்மர் ராப்பாகவே சொல்கிறார். வந்தேறிகள்மீது பழிபோடும் அரசியலை ‘சம்திங் அபவுட் இங்கிலாந்து’ பாடலில் கேலி செய்தவர்கள், குடியேறிய மக்களின் இசையைத் தள்ளி வைத்திருந்தால் அந்தக் கேலிக்குப் பொருளே இருந்திருக்காது.

கேள்வி: முழுவதையும் கேட்டே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. மூன்று தட்டுகளின் ஆறு பக்கங்களில் ஆறாவது பக்கம் பெரும்பாலும் டப் மிச்சங்கள், துணிந்து விட்டுவிடலாம். முதல் பக்கத்தையும் நான்காம் பக்கத்தையும் முதலில் கேளுங்கள்.