டேட்டிங் தளங்களில் எதை வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

யோசித்து யோசித்து நீளமாக எழுதியும் பதிலே வருவதில்லை, இதை யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் "உங்களுக்கு எப்படிப்பட்ட துணை வேண்டும்?" என்று கேட்டு எழுதி வாங்கும் ஆய்வுகளில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. வாய் ஒன்று சொல்லும், விரல் வேறொன்றை அழுத்தும். யார் யாருக்குச் செய்தி அனுப்பினார்கள் என்ற பதிவுகளை வைத்துச் செய்தவற்றைத்தான் தேடிப் படிப்பேன்.

அவற்றில் முக்கியமானது மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் புரூக், மார்க் நியூமன் இருவரும் 2018இல் வெளியிட்டது. நியூயார்க், பாஸ்டன், சிகாகோ, சியாட்டில் நகரங்களில் ஒரு டேட்டிங் தளத்தில் 2014 ஜனவரி மாதம் போய்வந்த செய்திகளை எடுத்துக்கொண்டார்கள். எத்தனை பேர் எழுதினார்கள் என்பதோடு விடவில்லை. எழுதியவர்களுக்கே எவ்வளவு கிராக்கி என்பதையும் சேர்த்து ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பு போட்டார்கள். கூகுள் இணையப் பக்கங்களை வரிசைப்படுத்திய பேஜ்ரேங்க் கணக்கேதான்.

ஆண்களும் சரி, பெண்களும் சரி, சராசரியாகத் தங்களைவிட 25 சதவீதம் கிராக்கி அதிகமானவர்களுக்கே எழுதுகிறார்கள். இடைவெளி கூடக்கூட பதில் வரும் வாய்ப்பு குறைகிறது. நியூயார்க்கில் 30 வயதுப் பெண் ஒருவருக்கு அந்த ஒரே மாதத்தில் 1,504 செய்திகள் வந்திருக்கின்றன. அதாவது ராத்திரி பகல் பாராமல் அரை மணிக்கு ஒன்று. அவர் எதைத்தான் படித்திருப்பார், பாவம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எட்டாத உயரத்தில் இருப்பவருக்கு எழுதும்போது செய்தி நீண்டுவிடுகிறது, சில சமயம் இரண்டு மடங்காகக்கூட. அந்த உழைப்புக்குப் பலன் கிடைத்தது சியாட்டில் ஆண்களுக்கு மட்டும்தான். அதனால் உங்கள் எழுத்தில் குறை தேடுவதை விட்டுவிடுங்கள். சுருக்கமாக எழுதி, இன்னும் நாலு பேருக்கு அனுப்புங்கள்.

விவரங்களில் பொய் சொல்வார்களா? சொல்வார்கள், ஆனால் கொஞ்சமாக. கடாலினா டோமாவும் சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், நியூயார்க்கில் 80 பேரை நேரில் வரவழைத்து அளந்து பார்த்தார்கள். 81 சதவீதம் பேர் உயரம், எடை, வயது இவற்றில் ஏதாவது ஒன்றையாவது மாற்றிப் போட்டிருந்தார்கள். ஆண்கள் உயரத்தைக் கூட்டினார்கள், பெண்கள் எடையைக் குறைத்தார்கள். நாளைக்கு நேரில் பார்க்கப் போகிறவர் கண்டுபிடிக்காத அளவுக்குத்தான் பெரும்பாலும்.

அப்புறம், இருவர் எவ்வளவு ஒத்துப்போவார்கள் என்று தளங்கள் காட்டும் அந்தப் 'பொருத்தம்' சதவீதம். 2017இல் சமந்தா ஜோயல் குழுவினர், சில நிமிடச் சந்திப்புகளுக்கு வந்தவர்களிடம் முன்கூட்டியே நூற்றுக்கும் மேற்பட்ட குணங்களையும் விருப்பங்களையும் கேட்டு வாங்கிக் கணினியிடம் கொடுத்தார்கள். பொதுவாக யாரைப் பலருக்கும் பிடிக்கும் என்பதை அது ஓரளவு சொன்னது. குறிப்பிட்ட இந்த ஆளுக்கு அந்த ஆளைப் பிடிக்குமா என்பதைச் சொல்ல முடியவில்லை. அதற்கு முன்பே, 2014இல், ஓகேக்யூபிட் என்ற டேட்டிங் தளம் தானே ஒரு வேலை செய்து பார்த்ததாக ஒப்புக்கொண்டது: 30 சதவீதம்தான் பொருத்தம் என்று தன் கணக்கு சொன்ன ஜோடிகளிடம் 90 சதவீதம் என்று காட்டியது. அவர்களும் நம்பி அதிகமாகப் பேசிக்கொண்டார்கள். அந்த எண்ணை நான் விளம்பரக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.