சுவரை இப்போது சுரண்டாதீர்கள்

கேள்வி: கோவையில் புது வீட்டின் வரவேற்பறைச் சுவருக்கு டெக்ஸ்சர் பெயின்ட் அடிக்க 62,000 ரூபாய் பேசி, 45,000 கொடுத்தேன். நான்காம் மாதமே உப்பு பூத்து உரிகிறது. கான்ட்ராக்டர் மரியாதையில்லாமல் பேசுகிறார். உறவினர்கள் முன்னால் பெருத்த அவமானம். அடுத்த வாரம் வேறு ஆளை வைத்துச் சரிசெய்துவிட்டு, 2 லட்சம் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: முதலில் அடுத்த வார வேலையை நிறுத்துங்கள்.

அவர் பேசிய பேச்சும் நீங்கள் பட்ட அவமானமும் வழக்கைத் தாங்காது. நுகர்வோர் ஆணையம் பார்க்கப்போவது ஒன்றைத்தான்: உரிந்தது வேலையின் குறையாலா, சுவரின் ஓதத்தாலா? நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

உப்பு பூத்ததாக நீங்களே எழுதிவிட்டீர்கள். "பின்னால் இருக்கும் குளியலறைக் கசிவு, என் வேலையில் குறையில்லை" என்றுதான் அவர் பதிலுரை வரும். ஈரச் சுவரென்றால் தொடங்குமுன்பே சொல்லியிருக்க வேண்டியது தொழில் தெரிந்தவரின் கடமை என்று நாம் வாதாடலாம். ஆனால் அதற்குச் சுவர் வேண்டும். சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்துவிட்டு, கைபேசியில் நாலு படத்தோடு என்னிடம் வழக்குப் போட வரும் கட்சிக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உரிந்தது படத்தில் தெரியும். ஏன் உரிந்தது என்பது தெரியாது. அங்கேதான் தோற்கிறார்கள்.

உரிந்த செதில் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் பட்டித் தூள் (பெயின்டுக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) அப்பியிருக்கிறதா, சுத்தமாக இருக்கிறதா? எந்த அடுக்கு பிடிக்கவில்லை என்பதை அதுதான் காட்டும். செதில்களை உறையிலிட்டு வையுங்கள். தேதி குறித்து, நேரில் வந்து பார்க்கும்படி அவருக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். வந்தாலும் வராவிட்டாலும், அன்றே சிவில் என்ஜினீயர் ஒருவர் ஈரத்தை அளந்து, காரணத்தோடு அறிக்கை எழுதட்டும். கசிவுதான் காரணம் என்று அறிக்கை சொன்னால், உங்கள் எதிரி இவர் அல்லர். வீட்டைக் கட்டித் தந்தவர்.

2 லட்சத்தை மறந்துவிடுங்கள். 62,000 ரூபாய் வேலைக்கு மன உளைச்சல் என்று அவ்வளவு கிடைக்காது. என் யோசனை சமரசம்தான். உங்கள் கையில் பெயின்ட் கான்ட்ராக்டருக்குத் தர வேண்டிய 17,000 இருக்கிறது. அதுதான் உங்கள் பலம். கசிவை அடைத்தபின் அவரே தன் செலவில் மறுபடி செய்து தரட்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்தும் பெயின்ட் உரியாமல் நின்றால் மீதியைக் கொடுப்பதாக எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். அதுவரை "முழுத் திருப்தி" என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பேச்சுவார்த்தை நடப்பதால் மட்டும் வழக்கிடும் 2 ஆண்டுக் காலவரம்பு நீளாது. சுவர் உரியத் தொடங்கிய தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.