சீனாவில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறேன், மாணவர்களிடம் இயேசுவைப் பற்றிப் பேசலாமா?

வகுப்பறையில் கூடாது. 1994-இல் வந்த விதிகளின்படி, சீனாவிலுள்ள வெளிநாட்டவர் பதிவுபெற்ற தேவாலயத்தில் ஆராதனைக்குப் போகலாம், சொந்த உபயோகத்துக்கு வேதாகமம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சீனக் குடிமக்களை மதத்தில் சேர்ப்பதோ மிஷனரி ஊழியம் செய்வதோ தடை. கல்விச் சட்டமும் மதத்தைப் பள்ளிக்கு வெளியே நிறுத்துகிறது. 2018-இல் நடைமுறைக்கு வந்த மத விவகார விதிகள் பிடியை இன்னும் இறுக்கின.

மீறினால் உங்களை நாட்டை விட்டு அனுப்பலாம். நீங்கள் ஊர் வந்து சேர்ந்துவிடுவீர்கள். உங்கள் வீட்டு வேதபாடக் கூட்டத்துக்கு வந்த மாணவனோ அங்கேயே இருந்து விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். முதலில் அவனை நினைத்துப் பாருங்கள்.

சட்டமே இல்லாவிட்டாலும், மதிப்பெண் போடுகிறவர் அழைத்தால் ஒரு மாணவனால் எளிதில் மறுக்க முடியாது. விசுவாசத்துக்கு அழைப்பவருக்கு இந்தக் கூச்சம் இருந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தைத் தூண்டிலாக்காதீர்கள், அவர்கள் ஆங்கிலத்துக்காக வந்தவர்கள், அதை முழு மனதோடு கற்றுக்கொடுங்கள். "நீங்கள் கிறிஸ்தவரா?" என்று ஒருவர் தானாகக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். ஆனால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சரி, ஊழியம்தான் உங்கள் அழைப்பு என்றால் ஜப்பானை யோசிக்கலாம். அங்கே அரசியலமைப்பின் 20-ஆம் பிரிவு மதச் சுதந்திரம் தருகிறது, மதப் பணிக்கென்றே தனி விசா உண்டு. தேவாலயங்கள் வெளிப்படையாகவே ஆங்கில வகுப்பு நடத்துகின்றன. அங்கும் இது தேவாலய வகுப்பு என்பதை விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள்.