காரைக்குடிப் பக்கம் வாங்கிய நிலத்தில் சீமைக்கருவேலத் தூரும் பாறையும் கிடக்கின்றன. எப்படி அகற்றுவது?

சீமைக்கருவேலத்தைத் தரையோடு அறுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அடுத்த மழைக்கே புதராக நிற்கும். தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியிலுள்ள மொட்டுகளிலிருந்துதான் அது தளிர்க்கிறது. சுற்றிலும் தோண்டி, அந்தக் கழுத்துக்குக் கீழே, ஏறக்குறைய 1 அடி ஆழத்தில் வெட்டி எடுக்க வேண்டும். அதற்கும் கீழே ஓடும் வேரைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம், காசுதான் கரையும். பனந்தூர் தளிர்க்காது, அதை மக்க விடலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஈரம் காய்வதற்குள் ஜேசிபியைக் கூப்பிடுங்கள். சித்திரையில் நம்மூர்ச் செம்மண் செங்கல்லாகிவிடும், வாடகை மணிக்கணக்கில் ஏறும். தூரை எரிக்காதீர்கள், கரிமூட்டம் போடுபவர்கள் விலைக்கே எடுப்பார்கள்.

பாறை என்று நீங்கள் நினைப்பது வெறும் செம்புறாங்கல்லாகவும், அதாவது கருங்கல்லைவிட மென்மையான செந்நிறக் கல்லாகவும், இருக்கலாம். கடப்பாரையால் நான்கு பக்கமும் குத்திப் பாருங்கள். செம்புறாங்கல் என்றால் பெயர்ந்து வரும். கருங்கல் என்றால் வரிசையாகத் துளை போட்டு, இரும்பு ஆப்புகளை மாற்றி மாற்றி அடித்துப் பிளக்க வேண்டும். உரிமம் இல்லாமல் வெடி வைப்பது குற்றம்.

உடைத்த கல்லை உங்கள் கிணற்றுச் சுவருக்கோ வேலிக்கோ பயன்படுத்துங்கள். வெளியே விற்கக் கனிமவளத் துறை அனுமதி வேண்டும். பட்டா நிலமாக இருந்தாலும்தான்.